நூடுல்ஸ் பட்டறைக்குக் கிளம்பும் முன்

கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட், மில்பிடாஸ், சன்னிவேல் பக்கம் புதிதாக வந்து இறங்குகிறவர்கள் முதல் மாதம் தேடுவது இட்லி அரிசி, நல்லெண்ணெய், கறிவேப்பிலை. அதற்கு வழி சொல்ல ஆள் நிறைய இருக்கிறார்கள். ஆறாவது மாதம் வேறு மாதிரி ஏக்கம் வரும். எனக்கு அத்தோ ஏக்கம் வந்தது.

வடசென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காக: பீச் ஸ்டேஷன் எதிரே, பர்மா பஜார் ஒட்டி, சாயங்காலமானால் தள்ளுவண்டிகள் நிற்கும். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த நம் ஆட்கள் கையோடு கொண்டுவந்த சாப்பாடு. பெரிய பேசினில் நூடுல்ஸ், முட்டைகோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு வறுத்த எண்ணெய், மிளகாய்த்தூள் எல்லாம் போட்டுக் கையால் பிசைந்து, மேலே பேஜோ என்கிற மொறுமொறுப்பான வில்லையை நொறுக்கிப் போடுவார்கள். பக்கத்தில் ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். இதைக் காய்ந்த பாக்கெட் நூடுல்ஸில் செய்து பார்த்து நான் பட்ட பாட்டை எழுதினால் தனிக் கதை. அன்றன்றைக்குப் பிசைந்து வெட்டிய நூடுல்ஸ்தான் சரிப்படும். அதற்குத்தான் ஓக்லாந்து சைனாடவுனில் இருக்கும் நூடுல்ஸ் பட்டறைகள்.

போகிற வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃப்ரீமான்டிலிருந்து பார்ட் ரயிலில் ஆரஞ்சு லைன் நேராகப் போகும். லேக் மெரிட் ஸ்டேஷனில் இறங்கி நாலு எட்டு நடந்தால் போதும். காரில் போனால் நாணய மீட்டரோடு மல்லுக்கட்டாமல் 9ஆம் தெரு பிளாசாவின் அடியில் இருக்கும் பார்க்கிங்கில் விடுங்கள். காருக்குள் ஒரு துணிப்பை கூடக் கண்ணில் படும்படி வைக்காதீர்கள், கண்ணாடி போய்விடும். பட்டறைகள் காலையில் சுறுசுறுப்பு, மதியத்துக்கு மேல் நல்ல சரக்கு இருக்காது. கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டல்காரர்கள் பெட்டி பெட்டியாக ஏற்றிக்கொண்டிருப்பார்கள், அவர்கள் வழியில் நிற்காதீர்கள். ஒரு பவுண்டு, இரண்டு பவுண்டு சில்லறையாகவும் கொடுப்பார்கள், கூச்சப்படாமல் கேட்கலாம்.

முதல் தடவை போனபோது கவுன்டரில் இருந்த அம்மா என்னைப் பார்த்து "மீன்? மீன்?" என்று கேட்டார். நான் அவசரமாக "நோ ஃபிஷ், நூடுல்ஸ்!" என்றேன். காண்டனீஸில் நூடுல்ஸுக்குப் பேரே மீன்தான். பின்னால் நின்ற பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

சரி, இனிமேல் சொல்லப்போவதுதான் விஷயம். நிதானமாகப் படியுங்கள்.

நூடுல்ஸோடு அங்கே பூரணம் வைத்து மடிக்கிற மாவுத் தாள்களும் விற்பார்கள். உள்ளங்கை அளவு சதுரமாக இருப்பது வொன்டன் தாள். வட்டமாக, வெள்ளையாக, கொஞ்சம் தடிமனாக இருப்பது கியோசா அல்லது பாட்ஸ்டிக்கர் தாள். பெரிய சதுரம் எக் ரோல் தாள். ஒரு பவுண்டு கட்டில் வொன்டன் தாள் சுமாராக 60, 70 வரும். பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியது. சோமாசிக்கு மாவு பிசைந்து, தேய்த்து, வட்டம் வெட்டுகிற வேலை அத்தனையும் மிச்சம்! அந்த வருடம் பொங்கலுக்கு எங்கள் வீட்டில்தான் ஆறு குடும்பம் சேர்வதாக இருந்தது. உருளைக்கிழங்கும் பட்டாணியும் வைத்துக் கார சோமாசி போடலாம் என்று முடிவு செய்தேன்.

வருகிறவர்களில் நண்பர் ஒருவரின் அம்மாவும் உண்டு. கடலூர்ப் பக்கம். வள்ளலார் வழியில் வந்த குடும்பம். கறி, மீன், முட்டை எதுவும் பிறந்ததிலிருந்து தொட்டதில்லை. ஆறு மாத விசாவில் பேரனைப் பார்க்க வந்திருந்தார். அதனால் நான் ஜாக்கிரதையாகத்தான் இருந்தேன். இருந்தேன் என்று நினைத்தேன்.

கவுன்டரில் வொன்டன் தாளில் இரண்டு வகைக் கட்டு இருந்தது. ஒன்று நல்ல மஞ்சள், இன்னொன்று வெளிர் வெள்ளை. மஞ்சள் என்றால் முட்டை, நமக்குத் தெரியாதா? வெள்ளையைக் காட்டி "வெஜிடேரியன்?" என்று கேட்டேன். "எஸ், எஸ், நோ மீட்" என்றார் அந்த அம்மா. மூன்று பவுண்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

சோமாசி பிரமாதமாக வந்தது. எண்ணெயில் போட்டதும் குட்டிக் குட்டிக் கொப்புளம் எழும்பி, பொன்னிறமாகி, கடித்தால் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்டது. நண்பரின் அம்மா நாலு சாப்பிட்டார். "என்ன தம்பி, பொம்பளைங்கள எல்லாம் தோக்கடிச்சிட்டியே" என்றார். அன்று ராத்திரி வரைக்கும் நான் தரையில் நடக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, சீனப் புத்தாண்டுக்கு முந்தின சனிக்கிழமை, அத்தோவுக்காக மறுபடி போனேன். வரிசை தெரு வரைக்கும் நின்றது. கவுன்டருக்குப் பின்னால் கதவு திறந்திருந்தது. ஒரு பையன் தள்ளுவண்டியில் சாமான் தள்ளிக்கொண்டு போனான். முப்பது முப்பதாக முட்டைத் தட்டுகள், என் தோள் உயரத்துக்கு அடுக்கு. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த அம்மாவிடம் முட்டையைக் காட்டி, எதற்கு என்று கையால் கேட்டேன். அவர் பெருமையாக அதே வெளிர் வெள்ளைக் கட்டைத் தட்டிக் காட்டினார். "மோர் எக், மோர் கிரிஸ்ப்பி!" மஞ்சள் தாளில்? "நோ எக்."

அந்த அம்மா பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்வி தப்பு. "வெஜிடேரியன்" என்றால் அங்கே கறி இல்லை என்று மட்டும் அர்த்தம். மாவில் முட்டை ஊற்றுவது அவர்களுக்கு நாம் தோசை மாவில் வெந்தயம் போடுவது மாதிரி. நம் ஊரில் பச்சைப் புள்ளி, பழுப்புக் குறி பார்த்துப் பழகிய புத்தி இங்கே வேலை செய்யாது.

அப்படியானால் மஞ்சள் எங்கிருந்து வருகிறது? நம் வீட்டிலேயே பதில் இருக்கிறது: அப்பளக்காரம். அந்த நூடுல்ஸ் மாவிலும் அதே மாதிரி ஒரு காரத்தைத்தான் கரைத்து ஊற்றுகிறார்கள், சோடியம் கார்பனேட் அல்லது பொட்டாசியம் கார்பனேட். கோதுமை மாவில் இயற்கையாக இருக்கும் நிறப்பொருள் காரம் பட்டதும் மஞ்சளாகிவிடும். ஆரத்திக்கு மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்கிறதே, அந்தக் கணக்கு. நூடுல்ஸுக்கு அந்த வழுக்கலும் கடிப்பும் வருவதும் காரத்தால்தான். சில இடங்களில் மேற்கொண்டு சாயமும் போடுவார்கள். ஆக, மஞ்சளாக இருப்பதில் முட்டை இல்லாமல் போகலாம், வெளுப்பாக இருப்பதில் முட்டை இருக்கலாம். நிறத்தை வைத்து முடிவு பண்ணாதீர்கள்.

நண்பருக்குப் போன் செய்தேன். சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று என் மனைவி உட்பட நாலு பேர் சொன்னார்கள். முட்டைதானே, செத்தா போய்விட்டார்கள் என்று ஒருவர். எனக்கும் முட்டை பெரிய விஷயமில்லை, அத்தோ வண்டியில் முட்டை மசாலா தின்று வளர்ந்தவன்தான். ஆனால் அது என் வயிறு. நண்பர் போனை அம்மாவிடமே கொடுத்துவிட்டார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "தெரியாமத்தான தம்பி செஞ்ச, விடு" என்றார். இன்னும் கொஞ்சம் பொறுத்து, "நடுவுல தைப்பூசம் வேற போச்சு" என்றார். வடலூர் ஜோதியைப் பேரனின் ஐபேடில் பார்த்துக்கொண்டு அன்று முழுக்க விரதம் இருந்தாராம். அதற்குப் பிறகும் எங்கள் வீட்டுக்கு வந்தார், நன்றாகத்தான் பேசினார். ஆனால் காப்பியைத் தவிர எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. பையில் இரண்டு வாழைப்பழம் இருக்கும்.

அதனால் கேள்வியை மாற்றுங்கள். "வெஜிடேரியனா" என்று கேட்காதீர்கள், "முட்டை இருக்கிறதா" என்று கேளுங்கள். ஆங்கிலம் ஓடவில்லையா, காண்டனீஸில் "யௌ மோ தான்?" "தான்" என்றால் முட்டை. பதில் "யௌ" என்றால் உண்டு, "மோ" என்றால் இல்லை. உச்சரிப்பு சரியாக வராவிட்டால் கைபேசியில் முட்டைப் படத்தைக் காட்டுங்கள், அதுவே போதும். ஒவ்வொரு கட்டுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். போன தடவை கேட்டது இந்தத் தடவைக்கு ஆகாது.

இன்னொன்று. பெட்டியிலோ கவரிலோ அச்சடித்து வருகிற சரக்கில் முட்டை இருந்தால் அதை லேபிளில் சொல்லியே ஆக வேண்டும் என்று இங்கே சட்டம் இருக்கிறது, 2006இலிருந்து அமலில். ஆனால் நீங்கள் கேட்ட பிறகு எடைபோட்டுப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுப்பதற்கு அது பொருந்தாது. என் மூன்று பவுண்டு அப்படி வந்ததுதான், பையில் ஓர் எழுத்து கிடையாது. அதே பட்டறையின் சரக்கு சூப்பர் மார்க்கெட்டில் லேபிளோடு கிடைத்தால், சுத்த சைவக்காரர்கள் அதை வாங்குவது நல்லது. ஒரே இயந்திரத்தில்தான் எல்லா மாவும் உருள்கிறது என்பதையும் மனதில் வையுங்கள். அலர்ஜி உள்ள குழந்தை வீட்டில் இருந்தால் பட்டறைப் பக்கமே போகாதீர்கள்.

பொதுவாகச் சொன்னால் வட்டமான கியோசா தாளில் மாவு, தண்ணீர், உப்பு மட்டும் இருக்கும். உறைய வைத்து வரும் ஸ்பிரிங் ரோல் தாளிலும் பெரும்பாலும் முட்டை இருக்காது, நம் சமோசாப் பட்டிக்கு அதுதான் சரியான மாற்று. ஷாங்காய் நூடுல்ஸ் என்று தடியாக, வெள்ளையாக இருப்பதும் அநேகமாகச் சைவம். பொதுவாகத்தான் சொல்கிறேன். கேட்காமல் வாங்காதீர்கள்.

ஹோ ஃபன் என்கிற அரிசி நூடுல்ஸ் பற்றி ஒரு வார்த்தை. இலை வடாம் அவிப்போமே, அதே முறைதான்: அரிசி மாவைத் தாளாக ஊற்றி, ஆவியில் வேக வைத்து, எண்ணெய் தடவி மடித்து, அகலமாக வெட்டுவது. கவுன்டரில் வெளியிலேயே வைத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் பழக்கதோஷத்தில் ஃபிரிட்ஜில் வைத்தால், மறுநாள் நேற்றைய இடியாப்பம் மாதிரி விறைத்துப் போய்த் தொட்டாலே உடையும். அன்றைக்கே சமைத்துவிடுங்கள். மீந்துவிட்டால் இட்லிப் பானையில் ஐந்து நிமிடம் ஆவி காட்டினால் ஓரளவு மீளும்.

கோதுமைத் தாளும் நூடுல்ஸும் ஃபிரிட்ஜில் நாலைந்து நாள் தாங்கும். அதற்கு மேல் என்றால் வாங்கின அன்றைக்கே சிறு கட்டாகப் பிரித்து, காற்றுப் புகாமல் சுற்றி, ஃப்ரீசரில் போடுங்கள். வெளியே எடுத்ததும் அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள். குளிர்ந்த தாளில் ஈரம் பூத்து அறுபது தாளும் ஒரே உருண்டையாகிவிடும். முந்தின ராத்திரியே ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டால் பிரச்சினை இல்லை. சோமாசி மடிக்கும்போது மீதித் தாள் மேல் ஈரத்துணி போட்டு மூடி வையுங்கள், ஓரம் காய்ந்தால் ஒட்டாது.

நூடுல்ஸை வேக வைக்கும் முன் உதறுங்கள். ஒட்டாமல் இருக்க மாவு தூவியிருப்பார்கள், அதோடு போட்டால் தண்ணீர் கஞ்சியாகிவிடும். பெரிய பாத்திரத்தில் தளதளவென்று கொதிக்கிற தண்ணீர் வேண்டும். மெல்லிய நூடுல்ஸ் ஒரு நிமிடத்தில் வெந்துவிடும், தடிப்பானதற்கு மூன்று நாலு நிமிடம். உடனே வடித்துப் பச்சைத் தண்ணீரில் அலசினால் காரத்தின் வாடை போய்விடும். அத்தோவுக்கு நன்றாக ஆறவிட்டு எண்ணெய் தடவி வையுங்கள். முட்டையில்லாத தாள் நாலைந்தை வில்லையாக வெட்டிப் பொரித்தால் பேஜோ வேலையும் முடிந்தது. வாழைத்தண்டு மட்டும்தான் இங்கே குதிரைக்கொம்பு. நம் கடைகளுக்கு எப்போதாவது வரும். உங்கள் கண்ணில் பட்டால் எனக்கும் ஒரு துண்டு எடுத்து வையுங்கள்.