இரண்டு 91-ம் ஒன்றல்ல: டர்போ காருக்கு ஆக்டேனும் ரீமேப்பும்

2022-ல் பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230 ஒன்றை வாங்கினேன். 2 லிட்டர் டர்போ, 230 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர் டார்க். அதுவே தாராளம். ஆனாலும் மூன்றாம் மாதமே ஸ்டேஜ் 1 ரீமேப் (பாகங்களை மாற்றாமல், என்ஜின் கணினியின் மென்பொருளை மட்டும் மாற்றிச் சக்தியைக் கூட்டுவது) ஆசை வந்துவிட்டது. போட்ட அன்று காலைக் குளிரில் கார் பறந்தது. அடுத்த நாள் மதியம் கோயம்புத்தூர் வெயிலில் பார்த்தால், ரீமேப் போடாத காரைவிட மந்தம். மேம்பாலம் ஏறும்போது 4-வது கியரில் அழுத்தினால் தகர டப்பாவில் சரளைக்கல் குலுக்கிய மாதிரி சத்தம் வேறு. தப்பு முழுக்க என்னுடையது. எங்கே தவறினேன் என்று கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆனது.

ஈசியூ (என்ஜினை ஆட்டிவைக்கும் கணினி), டர்போ (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் கருவி) எப்படி வேலை செய்கின்றன என்பதற்குள் போகவில்லை. இந்த மாதிரி காரைத் தேடி வருகிறவருக்கு அது தெரிந்திருக்கும்.

படி 1: பெட்ரோல் மூடியைத் திறந்து பாருங்கள்

உள்பக்க ஸ்டிக்கரில் ஓர் எண் இருக்கும். என் காரில் 95 ஆர்ஓஎன் (RON, ஆக்டேனை அளக்கும் ஒரு முறை). கம்பெனி ட்யூனுக்குத் தேவையானது அதுதான். ஆக்டேன் எரிபொருளின் சக்தியைச் சொல்லும் எண் அல்ல. சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் ஏறும்போது தானாகப் பற்றிக்கொள்ளாமல் தாக்குப்பிடிக்கும் திறனை அது சொல்கிறது. 91 போதும் என்கிற சாதாரண காரில் 100 ஆக்டேன் ஊற்றினால் பங்க்காரருக்குத்தான் லாபம்.

படி 2: எண்ணுக்குப் பின்னால் இருக்கும் எழுத்தைப் படியுங்கள்

நான் சறுக்கி விழுந்த இடம் இதுதான். ரீமேப் பட்டியலில் ஊற்றும் பெட்ரோலின் ஆக்டேனுக்கு ஏற்ப 91, 93 என்று இரண்டு ஃபைல்கள் இருந்தன. 'எந்த ஃபைல் சார்?' என்று கேட்டார்கள். அப்போது நம் ஊர் பங்க்கில் சாதாரண பெட்ரோல் 91. 'அப்போ 91' என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன்.

அந்தப் பட்டியல் அமெரிக்கக் கணக்கு. அங்கே பங்க்கில் எழுதுவது ஏகேஐ. அதாவது ஆர்ஓஎன், எம்ஓஎன் என்ற இரண்டு அளவுகளின் சராசரி. நம் பங்க்கில் எழுதுவது வெறும் ஆர்ஓஎன். நம் அப்போதைய தரக் கணக்குப்படி சாதாரண பெட்ரோலுக்குக் குறைந்தபட்சம் ஆர்ஓஎன் 91, எம்ஓஎன் 81. கூட்டி இரண்டால் வகுத்தால் 86! 91 கேட்கிற ஃபைலுக்கு 86 ஊற்றியிருக்கிறேன். பிரீமியம் 95-க்கு எம்ஓஎன் 85. அதன் சராசரியும் 90-தான், ஒரு புள்ளி குறைகிறது. அமெரிக்க 91 என்றால் நம் கணக்கில் 95, 96. அவர்களுடைய 93 ஏறக்குறைய 98.

ஆகவே ஃபைல் வாங்கும்போது 'ஆர்ஓஎன்னா, ஏகேஐயா?' என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறுகிறவரிடம் காரைக் கொடுக்காதீர்கள்.

படி 3: டாங்கியில் இருப்பதைக் கணக்கிடுங்கள்

இது சின்ன வேலை. இரண்டு பங்கு 95, ஒரு பங்கு 100 கலந்தால் ஏறக்குறைய 96.7 வரும். இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் கொண்டுவந்த எக்ஸ்பி100-ஐ இப்படிக் கலந்துதான் ஓட்டுகிறேன். முழுக்க அதையே ஊற்றப் பர்ஸ் இடம் கொடுக்காது. ஆக்டேன் பூஸ்டர் பாட்டில் வாங்குமுன் லேபிளைக் கவனியுங்கள்: '30 பாயின்ட் கூடும்' என்றால் 3 ஆக்டேன். ஒரு பாயின்ட் என்பது 0.1. எனக்கு அந்தப் பாட்டில்களே பிடிக்காது.

படி 4: லாக் எடுங்கள்

கார் ஓடும்போது ஈசியூ காட்டும் அளவுகளைப் பதிவு செய்வதுதான் லாக். காதை நம்பாதீர்கள். பெட்ரோல் தானாகப் பற்றுவதால் வரும் தட்டலை நாக் சென்சார் கேட்டதும் ஈசியூ இக்னிஷன் டைமிங்கை (தீப்பொறி விடும் நேரத்தை) பின்னுக்கு இழுத்துவிடும். பல நேரம் உங்களுக்குச் சத்தம் கேட்காது, இழுவை மட்டும் குறையும். நான் பயன்படுத்துவது விசிடிஎஸ் என்ற மென்பொருள், அசல் கேபிளுடன். மலிவான ப்ளூடூத் டாங்கிள்களில் நான்கு சிலிண்டரையும் தனித்தனியாகப் பார்க்கும் வசதி எனக்குக் கிடைக்கவில்லை.

ஆர்பிஎம், உள்ளே போகும் காற்றின் வெப்பநிலை, பூஸ்ட் (டர்போ தரும் அழுத்தம்), நான்கு சிலிண்டருக்கும் டைமிங் குறைப்பு ஆகியவற்றைத் தேர்ந்தெடுங்கள். 3-வது கியரில் 2000-லிருந்து 6000 ஆர்பிஎம் வரை முழு ஆக்ஸிலரேட்டர். இதை அவிநாசி ரோட்டில் செய்யாதீர்கள். டைனோவிலோ (காரை நின்ற இடத்திலேயே ஓட்டிச் சக்தியை அளக்கும் மேடை), செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வேயில் டிராக் டே நடக்கும்போதோ செய்யுங்கள்.

என் முதல் லாகில் நான்கு சிலிண்டரிலும் 7 முதல் 9 டிகிரி வரை குறைப்பு. கலவை மாற்றிய பிறகு அதிகபட்சம் 3. அங்கங்கே ஒரு சிலிண்டரில் 2, 3 டிகிரி வந்து போனால் கவலையில்லை. எல்லாவற்றிலும் 6-ஐத் தாண்டி நின்றால் காலை எடுத்துவிடுங்கள். லாகை மதிய வெயிலிலும் ஒருமுறை எடுங்கள்; காலை லாக் நல்ல பிள்ளை மாதிரி ஏமாற்றும்.

படி 5: ரீமேப் வேண்டுமா?

நல்ல பெட்ரோல் வாரம் முழுக்க, போகிற ஊரிலெல்லாம் கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். கிடைக்காவிட்டால் கம்பெனி ட்யூனே மேல். என்ஜினோடு கியர்பாக்ஸையும் யோசிக்க வேண்டும்: இந்தக் காரின் 6 கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் தாங்குவதாகச் சொல்லும் டார்க்கே 350 அளவுதான். ஸ்டேஜ் 1 அதைத் தாண்டும், அதனால் கியர்பாக்ஸ் மென்பொருளையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஸ்டேஜ் 2 என்று புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றுவது சட்டத்துக்கும் ஆகாது, மூக்குக்கும் ஆகாது. வாரன்டி, இன்சூரன்ஸ் இரண்டிலும் சிக்கல் வரலாம் என்பதையும் மனதில் வையுங்கள்.

2025 சேர்க்கை: 'இப்போது சாதாரண பெட்ரோலே இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்தது), அதுவே 95 ஆர்ஓஎன் என்கிறார்களே, பிரீமியம் எதற்கு?' என்று சிலர் கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்வி. ரீமேப் போடாத காருக்கு ஆக்டேன் அளவில் போதும். ஆனால் லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு, அதனால் எரிபொருள் தெளிக்கும் ஊசிகள் (இன்ஜெக்டர்) கூடுதலாகப் பாய்ச்ச வேண்டும். என்னுடைய 2017 மாடல் கார் இ20-க்காகச் செய்ததும் அல்ல. ரீமேப் போட்டவர்கள் ட்யூனரிடம் இதைச் சொல்லி ஃப்யூவல் ட்ரிம்மை (ஈசியூ எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருத்தம்) பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று. போன மாதம் மச்சான் காரை வாங்கிக்கொண்டு போய்ச் சாதாரண பெட்ரோலை நிரப்பி வந்தான். அப்படி ஆனால் டாங்கியை இறக்க வேண்டியதில்லை. பாதி ஆக்ஸிலரேட்டருக்கு மேல் போகாமல் பாதி டாங்கி காலியாகும்வரை ஓட்டி, மீதிக்கு 100 ஊற்றினால் போதும். இப்போது மூடியில் மார்க்கரால் '95+100 மட்டும், மச்சான்' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.