கட்சிக்காரரும் இருக்கும் போராட்டக் குழுவை உடையாமல் நடத்துவது எப்படி?

முதற்கூட்டத்திலேயே கோரிக்கையை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். என்ன வேண்டும், எந்த அலுவலகம் தரவேண்டும், எந்தத் திகதிக்குள் என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். ‘நல்ல தண்ணீர் வேண்டும்’ என்றால் எல்லாக் கட்சியும் தலையாட்டும். ‘எங்கள் வட்டாரக் கிணறுகளின் நைத்திரேற்றுப் பரிசோதனை முடிவைப் பிரதேச சபை அறிவித்தல் பலகையில் போடவேண்டும்’ என்று எழுதினால், செய்தார்களா இல்லையா என்று எவரும் போய்ப் பார்க்கலாம்.

கட்சிக்காரரை விலக்கவேண்டாம். சனசமூக நிலையத்திலும் கடற்றொழிலாளர் சங்கத்திலும் ஓடியாடி வேலைசெய்பவர்களில் பலர் ஏதோவொரு கட்சியில் இருப்பவர்கள்தான். ஆனால் தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் கட்சிப் பதவி வகிக்கக்கூடாது. வேட்புமனுவில் கையொப்பமிடும் நாளில் குழுப் பதவியும் முடியவேண்டும். யார் நிற்கப்போகிறார் என்று தெரியுமுன்பே இதை எழுதிவையுங்கள். பிறகு எழுதினால் ஒருவரைக் குறிவைத்த விதியாகத்தான் தெரியும். இலங்கையின் வடக்கில் கட்சி சாராத மக்கள் இயக்கமாக 2015 டிசம்பரில் தொடங்கிய தமிழ் மக்கள் பேரவைதான் அடுத்த ஆண்டு ‘எழுக தமிழ்’ பேரணியை யாழ்ப்பாணத்தில் நடத்தியது. அதன் இணைத்தலைவரும் வட மாகாண முதலமைச்சராக இருந்தவருமான சி. வி. விக்னேஸ்வரன் 2018 ஒக்டோபரில் தனிக்கட்சி அறிவித்தார். அப்படியொரு நாள் எந்தக் குழுவுக்கும் வரலாம்.

கட்சிப் பணம் ஒலிபெருக்கி வாடகைக்குக்கூட வேண்டாம்.

அதிகம் உடைவது மேடையில்தான். நாடாளுமன்றத் தேர்தலில் வாக்காளர் ஒரு கட்சிக்கு வாக்களித்து, அதன் பட்டியலில் உள்ளவர்களுக்கு மூன்று விருப்பு வாக்குவரை இடலாம் என்பதால், ஒரே பட்டியலில் நிற்பவர்களும் ஒருவரோடொருவர் போட்டியாளர்கள். ஒலிவாங்கியோடு ஒரு படம் எல்லோருக்கும் தேவை. எனவே மேடையில் பாதிக்கப்பட்டவர்கள் மட்டும் பேசட்டும், அரசியல்வாதிகள் சனத்தோடு கீழே இருக்கட்டும். பேசவிடுவதானால் எல்லாக் கட்சிக்கும் ஒரே கடிதம், ஆளுக்கு இரண்டு நிமிடம், ஒரே கேள்வி: நாடாளுமன்ற உறுப்பினர்களும் அதிகாரிகளும் கூடும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் இதை எப்போது எழுப்புவீர்கள்? பதிலை அங்கேயே எழுதி, உரக்க வாசித்துக் காட்டுங்கள்.

பிரதேச சபையை ஆளும் கட்சியின் உறுப்பினர் உங்கள் குழுவிலும் இருந்தால் அவர் நிலைதான் கடினம். முதலில் கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்துச் சபைத் தவிசாளரிடம் அனுப்புங்கள், இரண்டு வாரம் பொறுங்கள். பதில் வராவிட்டால் குழு பகிரங்கமாகப் பேசலாம். தன் கட்சிக்கு எதிராகக் கோஷம் போடும்படி அவரை வற்புறுத்தவேண்டாம், அன்று அவர் வராமல் இருக்கட்டும். வற்புறுத்தினால் அவரோடு அவர் சொந்தபந்தம் முழுவதும் போய்விடும். ஆனால் அறிக்கையைப் பிற்போடச் சொல்லும் உரிமை அவருக்கு இல்லை.

இதற்கிடையில் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் சபைக் கூட்ட அறிக்கையைக் கேளுங்கள். தகவல் அலுவலர் 14 வேலைநாளுக்குள் முடிவு சொல்லவேண்டும். யார் பேசினார், யார் மௌனமாக இருந்தார் என்பது கையில் இருந்தால் கட்சிச் சண்டை குறையும்.

ஒருவர் செய்து தந்தால் அந்தச் செயலைப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள், வாக்குக் கேட்டுக் கொடுக்காதீர்கள். கடலடியை வாரும் இழுவைமடித் தொழிலைத் தடைசெய்த 2017ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அப்போது நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த எம். ஏ. சுமந்திரன் கொண்டுவந்த தனிநபர் பிரேரணை. அதற்கு நன்றி சொல்ல மீனவர் அவர் கட்சியில் சேரத் தேவையில்லை. சட்டம் வந்த பிறகும் இந்திய இழுவைப் படகுகள் வந்தன, அதை நிறுத்தும் கோரிக்கை ஆட்சியில் இருப்பவர் எவரானாலும் அவரிடம் போகவேண்டும்.

தேர்தல் முடிந்த ஒரு மாதத்துக்குள் அதே கோரிக்கைப் பக்கத்தைத் திகதி மாற்றிப் புதிய உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மேடையில் வாக்குத் தந்து தோற்றவர்களுக்கும் ஒரு பிரதி போகட்டும்.