புது பேட்டரி வாங்குவதற்கு முன் மீட்டர் வையுங்கள்: பழைய காடியில் (காரில்) சார்ஜிங் கோளாறைக் கண்டுபிடிப்பது

காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்டக்டக்' என்ற சத்தம், டேஷ்போர்டு விளக்கெல்லாம் மங்கிப் போகிறது. பேட்டரி கோங், அதாவது காலி. போன் போட்டால் ஆள் வந்து புதுசு மாட்டிவிட்டுப் போய்விடுவார். மூன்று மாதம் கழித்து அதே சத்தம் திரும்பவும் கேட்டால், கோளாறு பேட்டரியில் இல்லை என்று அர்த்தம். கான்சில், இஸ்வாரா, வீரா என்று இருபது வருஷம் தாண்டிய காடிகளில் பேட்டரியை வேறு ஏதோ ஒன்று கொன்றுகொண்டே இருக்கும். அது எது என்று தெரியாமல் பணத்தை எடுத்து நீட்டாதீர்கள்.

வேண்டியவை கொஞ்சம்தான்: 20 வோல்ட் டிசி அளவும் 10 ஆம்பியர் துளையும் உள்ள டிஜிட்டல் மல்டிமீட்டர், 10 மில்லிமீட்டர் ஸ்பேனர், கம்பி பிரஷ், சமையல் சோடா, வாசலின். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். சார்ஜ் ஆகும் பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை விடும். பக்கத்தில் சிகரெட் கூடாது.

முதல் அளவை, இரவு முழுக்க நின்ற காடியில் காலையில் எடுங்கள். இப்போதுதான் ஓட்டி வந்தீர்கள் என்றால் பெரிய லைட்டை இரண்டு நிமிஷம் போட்டு அணைத்து, ஐந்து நிமிஷம் விட்டு அளங்கள். இல்லாவிட்டால் மேலோட்டமாக ஏறிய சார்ஜ் மீட்டரை ஏமாற்றிவிடும். மீட்டர் முனையைக் கிளாம்ப்பில் வைக்காமல் நடுவில் இருக்கும் ஈயக் குமிழில் வையுங்கள். 12.6 வோல்ட்டும் மேலும் இருந்தால் நிறைந்த பேட்டரி. 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால் பங்கு. 11.8-க்குக் கீழே போனால் காலி. 10.5 பக்கம் நின்று, சார்ஜ் போட்டும் ஏற மறுத்தால் உள்ளே ஓர் அறை செத்துவிட்டது: ஆறு அறை, ஒவ்வொன்றும் 2.1 வோல்ட், அதில் ஒன்று போனால் மிச்சம் அவ்வளவுதான். அதற்கு மருந்து கிடையாது, மாற்ற வேண்டியதுதான். மற்றபடி பாதிக்குக் கீழே இருந்தால் முதலில் 4, 5 ஆம்பியர் சார்ஜரில் ஓர் இரவு போட்டுவிட்டு அப்புறம் தீர்ப்புச் சொல்லுங்கள். காலியான பேட்டரியைச் சோதித்து 'கெட்டுப்போச்சு' என்று சொல்லி நல்ல பேட்டரியைத் தூக்கிப் போடுவது இங்கே தினமும் நடக்கிறது.

அடுத்தது ஸ்டார்ட் பண்ணும்போது. மீட்டரைக் குமிழ்களில் பிடித்துக்கொண்டு, உள்ளே ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். சார்ஜ் நிறைந்த பேட்டரி அந்த ஒன்றிரண்டு நொடியில் 9.6-க்குக் கீழே இறங்கினால் அது பலவீனமானது. ஸ்டார்ட்டர் ஒரே ஒரு 'டக்' மட்டும் அடித்து, மீட்டர் 12 பக்கமே நின்றால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். ஸ்டார்ட்டரோ, அதற்குப் போகும் வயரோதான்.

வயர் என்றதும் பலர் பார்வை சிவப்பு வயருக்குத்தான் போகும். பழைய காடியில் பாதிக் கோளாறு கறுப்பு வயரில். மீட்டரின் ஒரு முனையைக் கறுப்புக் குமிழிலும் இன்னொன்றை எஞ்சினின் சுத்தமான இரும்பிலும் வைத்து ஸ்டார்ட் பண்ணுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வயர் வழியை மறிக்கிறது. கியர்பாக்ஸில் அது போல்ட் ஆகும் இடத்தைக் கழற்றிப் பாருங்கள்: எண்ணெயும் மண்ணும் அப்பி, செம்பு இழைகள் பாதி கறுத்து உதிர்ந்திருக்கும். மேலே உறை மட்டும் புதுசு மாதிரி பளபளக்கும். கடற்காற்றில் நிற்கும் பினாங்கு காடிகளில் இது இன்னும் சீக்கிரம் வரும்.

குமிழைச் சுற்றி வெள்ளையும் பச்சை கலந்த நீலமுமாகப் பூத்திருக்கிறதா? ஈயமும் செம்பும் ஆசிடோடு சேர்ந்த உப்பு அது. கறுப்பு வயரை முதலில் கழற்றுங்கள், பிறகு சிவப்பு. வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து ஊற்றினால் நுரைத்துக்கொண்டு கரையும். மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும். ஒரு சொட்டுச் சோடா அறைக்குள் போனாலும் ஆசிடைக் கெடுக்கும். பிரஷ் போட்டு ஈயம் வெள்ளியாய் மின்னும்வரை தேயுங்கள். மாட்டும்போது சிவப்பு முதலில், கறுப்பு கடைசி. இறுக்கிய பிறகு மேலே வாசலின். வாசலினைத் தடவிவிட்டு மாட்டாதீர்கள்.

மூன்றாவது அளவு எஞ்சின் ஓடும்போது. குமிழ்களில் 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். பெரிய லைட், ஏர்கோன் புளோவர், வைப்பர் எல்லாவற்றையும் போட்டு 2000 சுற்று வரை மிதித்தாலும் 13.2-க்குக் கீழே போகக் கூடாது. ஐடிலில் கொஞ்சம் இறங்குவது சகஜம், ஏனென்றால் எஞ்சின் சுழற்றி கரண்ட் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர், மெதுவாகச் சுற்றினால் பாதியளவு கரண்ட்தான் தரும். சாயங்கால மழையில் ஃபெடரல் ஹைவேயில் ஒரு மணி நேரம் ஊர்ந்தால் இரண்டு ஹெட்லைட் மட்டுமே கிட்டத்தட்ட 10 ஆம்பியர் தின்னும், அதற்கு மேல் ரேடியேட்டர் ஃபேன், புளோவர். தினம் அந்த வழியில்தான் வேலைக்குப் போகிறீர்கள் என்றால் வாரத்துக்கு ஒரு முறை நல்ல ஓட்டம் கொடுங்கள். 14.8-க்கு மேல் போனால் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது. அழுகிய முட்டை நாற்றம் வரும், தண்ணீர் வேகமாக வற்றும். அப்படியே ஓட்டாதீர்கள்.

சார்ஜ் ஏறவே இல்லையா? ஆல்டர்னேட்டரைக் கழற்றுவதற்கு முன் மூன்றைப் பாருங்கள். பெல்டிங் தளர்ந்திருக்கிறதா? நீளமான பக்கத்தில் பெருவிரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு அமுங்கலாம்; அதைவிட அதிகம் என்றால் இறுக்குங்கள். அடுத்து, சாவியைத் திருப்பி ஸ்டார்ட் பண்ணாமல் விட்டால் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிய வேண்டும். எரியாவிட்டால் பல்பு பியூஸ் போயிருக்கலாம், அல்லது ஆல்டர்னேட்டரின் சின்னப் பிளக் கழன்றிருக்கலாம். பல பழைய காடிகளில் அந்தப் பல்பு வழியாகப் போகும் சின்னக் கரண்ட்தான் ஆல்டர்னேட்டரை எழுப்பிவிடும். ஒரு பல்புக்காக ஆல்டர்னேட்டரையே மாற்றியவர்கள் உண்டு. மூன்றாவது, ஆல்டர்னேட்டரின் தடித்த போல்ட்டில் 14 வந்து பேட்டரியில் 13 மட்டும் வந்தால், நடுவில் உள்ள வயரோ பெரிய பியூஸோதான் குற்றவாளி.

மூன்றும் சரி என்றால் பெரும்பாலும் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். வயரிங் கடையில் பிரஷ், ரெகுலேட்டர் மட்டும் மாற்றித் தருவார்கள். ஹாஃப்கட் கடையில் (பழைய காடிகளின் பாகம் விற்கும் கடை) வாங்கும் ஆல்டர்னேட்டரும் உங்களுடையதைப் போலவே ஓடித் தேய்ந்ததுதான் என்பதால் பிரஷ் மாற்றுவதே மேல். ஆல்டர்னேட்டருக்குள் ஏசியை டிசியாக மாற்றும் டயோடையும் சோதியுங்கள்: எஞ்சின் ஓட, மீட்டரை ஏசி அளவுக்கு மாற்றிக் குமிழ்களில் வைத்தால் 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. கசியும் டயோடு இரவில் பேட்டரியையும் உறிஞ்சும்.

ஒரு பழக்கத்தை அடியோடு விட வேண்டும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி 'எஞ்சின் நிற்கவில்லை, ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது' என்று சில போமன்கள் (மெக்கானிக்குகள்) காட்டுவார்கள். அந்த நொடியில் வோல்ட் எகிறி ரெகுலேட்டர், ரேடியோ, இன்ஜெக்ஷன் காடியின் இசியு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) எல்லாவற்றையும் சுட்டுவிடலாம். தடுத்து நிறுத்துங்கள்.

எல்லா அளவும் சரி, ஆனாலும் தைப்பூச லீவில் ஊருக்கு பஸ்ஸில் போய் நாலு நாள் கழித்து வந்தால் காடி எழவில்லை என்றால், நிற்கும்போதே ஏதோ உறிஞ்சுகிறது. எல்லாவற்றையும் அணைத்து, கதவுகளைச் சாத்தி, கறுப்பு வயரைக் கழற்றி, 10 ஆம்பியர் துளையில் மாட்டிய மீட்டரை வயருக்கும் குமிழுக்கும் நடுவே வையுங்கள். இந்த நிலையில் ஸ்டார்ட் பண்ணக் கூடாது, மீட்டரின் பியூஸ் போய்விடும். கால் மணி நேரம் கழித்து 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. அரை ஆம்பியர் காட்டினால், 45 ஆம்பியர்-மணி (Ah) பேட்டரி 90 மணி நேரத்தில் முழுக்கக் காலி. பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ அந்த வழியில்தான் திருடன். பெரும்பாலும் வெளியே போட்ட அலாரம், ஆம்ப்ளிஃபையர், டேஷ்கேம், இல்லையென்றால் அணையாத பூட் விளக்கு. எதைப் பிடுங்கியும் விழாவிட்டால் ஆல்டர்னேட்டரின் தடித்த வயரைக் கழற்றிப் பாருங்கள். அது பேட்டரியோடு நேராக இணைந்தது, அதனால் கறுப்பு வயர் கழன்றிருக்கும்போது மட்டுமே அதைத் தொட வேண்டும்.

கடைசியில் பேட்டரிதான் போய்விட்டது என்றால், பழையதன் மேல் உள்ள எழுத்தை அப்படியே பார்த்து வாங்குங்கள். என்எஸ்40-க்கும் என்எஸ்60-க்கும் பெட்டி அளவே வேறு. பின்னால் எல் வந்தால் குமிழ்கள் இடம் மாறியிருக்கும், எஸ் வந்தால் குமிழ் தடிப்பு. மூடி திறக்கும் வகை என்றால் மாதம் ஒரு முறை பார்த்து, குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் மேல்கோடு வரை ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரும் வேண்டாம், ஆசிடும் வேண்டாம். மாட்டிய அன்றே நின்ற அளவு, ஸ்டார்ட் அளவு, ஓடும் அளவு மூன்றையும் தேதியோடு மார்க்கர் பேனாவால் பேட்டரி மேலேயே எழுதிவிடுங்கள். அடுத்த முறை மீட்டர் வைக்கும்போது ஒப்பிட அது வேண்டும்.