உருளைக்கிழங்கு மசியல்: தோலை முன்னால் சீவுவதா, வெந்தபின் உரிப்பதா?

வெந்தபின் உரியுங்கள். மசிப்பதற்காக வேகவைக்கும் கிழங்குக்கு என் பதில் இதுதான். பச்சையாகவே சீவி, துண்டு போட்டு வேகவைத்தால் சீக்கிரம் வேலை முடியும், சந்தேகமில்லை. ஆனால் மிச்சமாகும் அந்தக் கொஞ்ச நேரத்துக்கு விலையாக, தண்ணீர் கோத்துக்கொண்ட சப்பென்ற மசியல்தான் கிடைக்கும்.

காரணம் எளிது. முழுக்கிழங்கைத் தோலோடு போட்டால் உள்ளே தண்ணீர் அதிகம் புகாது, உள்ளே இருப்பதும் அதிகம் வெளியேறாது. துண்டு போட்டுவிட்டால் எல்லாப் பக்கமும் திறந்த பக்கம்தான். வைட்டமின் சி, பொட்டாசியம் இரண்டும் நீரில் கரைபவை. துண்டுகளிலிருந்து அவை கரைந்து, நாம் கொட்டிவிடும் தண்ணீரோடு போய்விடும். "சத்தெல்லாம் தோலில்தான் இருக்கிறது" என்று பலரும் சொல்கிறார்கள், அது சரியல்ல. தோலில் நார்ச்சத்து உண்டு. ஆனால் இந்த இரண்டும் பெரும்பாலும் சதையில்தான் இருக்கின்றன. அதனால் தோலைச் சாப்பிடாவிட்டால் பெரிய நஷ்டமில்லை, வேகும்போது அது கிழங்கின் மேல் இருந்தால் போதும்.

1. கிழங்கைத் தேர்ந்தெடுப்பது

மாவுத்தன்மை உள்ள கிழங்குதான் மசியலுக்கு ஏற்றது. கையில் இருப்பது எந்த வகை என்று தெரியாவிட்டால் ஒரு பங்கு உப்பை 11 பங்கு தண்ணீரில் கரைத்து அதில் ஒரு கிழங்கைப் போட்டுப் பாருங்கள். மாவுக்கிழங்கு மூழ்கும், வழவழப்பான வகை மிதக்கும். எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கட்டும்.

பச்சை நிறம் ஏறிய இடங்களையும் முளைகளையும் வேகவைப்பதற்கு முன்பே ஆழமாக வெட்டி எறியுங்கள். பச்சை நிறம் வெறும் பச்சையம்தான், அதனால் கெடுதல் இல்லை. ஆனால் அது இருக்கும் இடத்தில் சோலனைன் என்ற நச்சுப்பொருளும் கூடியிருக்கலாம், கொதிக்கவைத்தால் அது அழியாது. பாதிக்கு மேல் பச்சையாக இருந்தால் முழுக்கிழங்கையும் ஒதுக்கிவிடுங்கள்.

2. வேகவைப்பது

மண் போகத் தேய்த்துக் கழுவுங்கள். பிறகு ஒவ்வொரு கிழங்கின் நடுவிலும், தோல் மட்டும் வெட்டுப்படும்படி கத்தி நுனியால் ஒரு சுற்றுக் கோடு கீறுங்கள். இதன் பயன் அடுத்த படியில் தெரியும்.

பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பை ஏற்றுங்கள். கொதிக்கும் தண்ணீரில் போட்டால் உள்ளே வேகும்முன் வெளிப்பக்கம் குழைந்துவிடும். உப்புப் போட்டு மெல்லிய கொதியில் வையுங்கள். நடுத்தர அளவுக் கிழங்குக்குக் கொதி வந்தபின் 25 நிமிடம் போல ஆகும். கத்தி தடையில்லாமல் நடுவரை இறங்க வேண்டும். குக்கரில் வைப்பதானால் கிழங்கைத் தண்ணீர் தொடாதபடி தட்டில் வைத்து ஆவியில் வேகவிடுங்கள். தண்ணீருக்குள் முங்கியிருக்கும்போது தோல் வெடித்தால் தண்ணீர் உள்ளே புகுந்துவிடும், தோலோடு வேகவைத்ததன் பலனும் போய்விடும்.

3. சூட்டோடு உரிப்பது

எனக்கு அதிகம் தொல்லை கொடுத்த படி இதுதான். பலரும் தோலை முன்னாலேயே சீவிவிடுவதற்கும் இதுவே காரணம்: கை சுடும். சரி, ஆறட்டும் என்று விடலாமே என்று தோன்றும். விடாதீர்கள். ஆற ஆறத் தோல் சதையோடு ஒட்டிக்கொள்ளும். உள்ளே வெந்து இளகிய மாவுச்சத்தும் இறுகத் தொடங்கும், அப்புறம் எவ்வளவு மசித்தாலும் கட்டி நிற்கும்.

நான் செய்வது இப்படி. தண்ணீரை வடித்துவிட்டு, கிழங்கை அதே சூடான பாத்திரத்தில் திரும்பப் போட்டு, மூடாமல் இரண்டு நிமிடம் வைக்கிறேன். மேலே இருக்கும் ஈரம் ஆவியாகப் போய்விடும். பிறகு ஒரு கிழங்கை மட்டும் எடுத்து, இடது கையில் மடித்த துணிக்குள் பிடித்துக்கொண்டு, கீறிய கோட்டில் சிறுகத்தியின் நுனியைக் கொடுத்து இழுக்கிறேன். கோடு இருப்பதால் தோல் இரண்டு பக்கமும் தொப்பியைக் கழற்றுவது மாதிரி வந்துவிடும். மற்றவை பாத்திரத்தின் சூட்டிலேயே காத்திருக்கட்டும். சூடு தாங்காவிட்டால் விரல்களைக் குளிர்ந்த நீரில் நனைத்துக்கொள்ளலாம். கிழங்கையே நீரில் ஊறப்போட வேண்டாம்.

உரிக்கவே வேண்டாம் என்றாலும் வழி இருக்கிறது. பொட்டேட்டோ ரைசர் (இடியாப்ப அச்சு மாதிரி, கிழங்கைத் துளைகள் வழியே அழுத்திப் பிழியும் கருவி) இருந்தால் வெந்த கிழங்கை இரண்டாக வெட்டி, வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி வைத்து அழுத்துங்கள். சதை துளைகள் வழியே இறங்கிவிடும், தோல் உள்ளேயே தங்கிவிடும். அவ்வப்போது அந்தத் தோலை வழித்து எடுங்கள். மசியல் அடிக்கடி செய்கிறவர்கள் ஒரு கருவிதான் வாங்குவதென்றால் இதை வாங்கட்டும் என்பேன். இல்லாதவர்கள் கம்பிச் சல்லடையில் கரண்டியின் பின்பக்கத்தால் தேய்க்கலாம். நேரம் கூடும், ஆனால் மசியலின் நயத்தில் குறையிருக்காது.

4. மசிப்பது

மிக்ஸியும் பிளெண்டரும் வேண்டவே வேண்டாம். சுழலும் பிளேடு கிழங்கின் செல்களைக் கிழித்து, உள்ளே இருக்கும் வெந்த மாவுச்சத்தை வெளியே விட்டுவிடும். சில நொடிகளில் மசியல் இழுத்தால் நீளும் பசையாகிவிடும், அதைத் திரும்பச் சரிசெய்ய முடியாது. ரைசர் அல்லது சாதாரண மசிப்பான் போதும், மசிந்ததும் கையை எடுத்துவிடுங்கள்.

முதலில் வெண்ணெய், பிறகு சூடான பால். பிரெஞ்சு சமையல் கலைஞர் ஜோயல் ரொபுஷோனின் பெயர் பெற்ற மசியலிலும் இதுதான் வரிசை: கிழங்கைத் தோலோடு வேகவைத்து, சூட்டோடு உரித்து, மசித்ததை அடுப்பில் கிளறி ஈரம் போக்கி, அதன்பின் வெண்ணெய், கடைசியில் பால். அவருடைய அளவு 1 கிலோ கிழங்குக்கு 250 கிராம் வெண்ணெய். எனக்கு 100 கிராமே தாராளம்.

முன்னால் சீவ வேண்டிய கிழங்கு

தோல் சொரசொரப்பாக, குழிகளும் கறுப்புப் புள்ளிகளுமாக இருந்தால் யோசிக்காமல் சீவிவிடுங்கள். அழுகல் எங்கே இருக்கிறது என்று பார்த்து வெட்டுவதற்கும் அதுதான் வசதி. துண்டுகள் பெரிதாக இருக்கட்டும். வடித்தபின் சிறு தீயில் இரண்டு மூன்று நிமிடம் புரட்டினால் கோத்த தண்ணீரில் கொஞ்சம் குறையும்.

தோலோடு சேர்த்தே மசிப்பது மெல்லிய தோலுள்ள இளங்கிழங்குக்கு மட்டும்தான் நன்றாக இருக்கும். அப்போதும் மசிக்கும்முன் சிறு துண்டுகளாக வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் தோல் நாடா நாடாக நீண்டு வாயில் தட்டுப்படும்.

பின்சேர்க்கை: உரித்தபின் கிழங்கு சாம்பல் நிறமாகிறதே, கெட்டுவிட்டதா என்று சிலர் பின்னூட்டத்தில் கேட்டிருக்கிறீர்கள். கெடவில்லை. கிழங்கில் இருக்கும் இரும்பும் குளோரோஜெனிக் அமிலமும் சேர்ந்து, வெந்தபின் காற்றுப் பட்டதும் இப்படிக் கறுக்கும். தாராளமாகச் சாப்பிடலாம். நிறம் உறுத்தினால் வேகும் தண்ணீரில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விடுங்கள். ஆனால் கிழங்கு பாதிக்கு மேல் வெந்தபிறகுதான் விட வேண்டும். ஆரம்பத்திலேயே புளிப்புச் சேர்ந்தால் கிழங்கு லேசில் குழையாது.