சுயேச்சை ஒன்றியக் கவுன்சிலர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவர், ஊராட்சி வார்டு உறுப்பினர் ஆகிய பதவிகளுக்குக் கட்சிச் சின்னத்தில் யாரும் போட்டியிடுவதில்லை. ஊராட்சி ஒன்றியக் குழுவின் நிலை வேறு. பச்சை நிற வாக்குச்சீட்டில் கட்சிச் சின்னங்களுக்கு நடுவே தனிச் சின்னத்தில் நின்று, ஏறத்தாழ 5,000 மக்கள்தொகை கொண்ட வார்டில் வெல்லும் சுயேச்சை, தமக்காகப் பேசக் கட்சி நிர்வாகி எவரும் இல்லாமலேயே ஒன்றிய அலுவலகத்துக்குள் நுழைகிறார்.

பெரிய தவறு பெரும்பாலும் முதல் சில நாட்களிலேயே நடந்துவிடுகிறது. ஒன்றியக் குழுத் தலைவரைக் கவுன்சிலர்களே மறைமுகத் தேர்தலில் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதால், இரு அணிகளும் சமபலத்தில் நிற்கும் இடங்களில் சுயேச்சையின் ஒரு வாக்கைத் தேடி இரு தரப்பிலிருந்தும் ஆள் வருவார்கள். அதைப் பணத்துக்குக் கொடுத்தவர் அடுத்த ஐந்தாண்டுகளுக்கு எந்தக் கோரிக்கையையும் உரிமையோடு முன்வைக்க முடியாது. ஆதரவு தருவது தவறன்று. யாரை, எந்தப் பணிகளுக்காக ஆதரிக்கிறோம் என்பதை வார்டு மக்களிடம் முன்கூட்டியே சொல்லாமல் தருவதுதான் தவறு.

கேட்டதற்கெல்லாம் ‘செய்து தருகிறேன்’ என்று வாக்களிப்பதும் ஆபத்தானது. தெருவிளக்கு கிராம ஊராட்சியின் பொறுப்பு, பட்டா வருவாய்த் துறையின் பொறுப்பு. 40 ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலப்பரப்பு) கொண்ட ஏரி, கண்மாய்கள் பொதுவாக ஒன்றியத்திடமும், அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையிடமும் இருப்பதால், ஒரே ஊரின் இரண்டு கண்மாய்களுக்கு இரண்டு அலுவலகங்களில் மனுக் கொடுக்க நேரலாம். ஊராட்சித் தலைவரும் அதே மக்களின் வாக்கைப் பெற்றவர் என்பதை மறந்து, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவருடைய பணிகளில் தலையிடுவதால் பாதிக்கப்படுவது ஊர்தான்.

கூட்டத்தில் உரக்கப் பேசிவிட்டுத் தீர்மானப் புத்தகத்தைப் பார்க்காமல் வீடு திரும்புவது, என் கணிப்பில், சுயேச்சைகளை மிகவும் பலவீனப்படுத்தும் பழக்கம். பொருள் நிரலை முன்கூட்டியே படித்து, கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, எந்த நிதியிலிருந்து அதைச் செய்யலாம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எடுத்துக்காட்டாக, 2021–26 காலத்துக்கான 15ஆவது நிதிக்குழு, ஊரக உள்ளாட்சி மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீர், துப்புரவுப் பணிகளுக்கென்றே வரையறுத்தது. அந்தப் பங்கிலிருந்து சாலை கேட்பவருக்கு நியாயமான காரணத்தோடே மறுப்பு வரும். ஒன்றியப் பொது நிதியையோ, மானியத்தின் வரையறுக்கப்படாத பகுதியையோ குறிப்பிட்டுக் கேட்பவருக்கு அதிகாரிகள் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

ஒன்றியப் பணிகளின் ஒப்பந்தங்களில் உறுப்பினருக்குப் பங்கிருந்தால் பதவியே பறிபோகலாம். உறவினர் பெயரில் எடுத்தாலும் ஊருக்குத் தெரியாமல் இருக்காது. பெண் கவுன்சிலரின் இடத்தில் கணவர் பேசுவதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க முடியாது, ஏனெனில் மக்கள் வாக்களித்தது அந்தப் பெண்ணுக்கு.

கிராம சபையில் சொந்த ஊரோடு நின்றுவிடுவதும் பரவலான தவறு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் எல்லா ஊராட்சிகளிலும் சபை கூடுவதால், வார்டுக்குள் பல ஊராட்சிகளைக் கொண்ட கவுன்சிலர் அனைத்துக்கும் ஒரே நாளில் போக முடியாது. முறைவைத்து ஒவ்வொன்றுக்கும் சென்று, போக முடியாத ஊர்களின் தீர்மான நகல்களைப் பெற்று, ஒன்றியம் செய்ய வேண்டியவற்றை அடுத்த குழுக் கூட்டத்துக்கு எழுத்தில் கொண்டுபோகலாம்.