காரின் பின் சீட்டைக் கழற்றிச் சுமை ஏற்றுவது எப்படி?

சேலத்திலிருந்து ஏற்காட்டுத் தோட்டத்துக்கு மிளகுக் கொடிகளையும் சில்வர் ஓக் கன்றுகளையும் உர மூட்டைகளையும் சிறிய காரிலேயே ஏற்றிச் செல்பவர்களுக்கு இந்த விளக்கம் பயன்படும். சீட்டை மடக்கினாலே இடம் போதுமென்றால் கழற்ற வேண்டாம். மடக்கிய சீட் தரையில் மேடாக நின்று உயரமான கன்றுகளை முறிக்கும் என்றால் மட்டுமே இந்த வேலையில் இறங்குங்கள்.

போல்ட்டின் தலையில் பொருந்தும் 12, 14 மி.மீ. சாக்கெட்டுகள், அவற்றைத் திருப்பும் ராட்செட் கைப்பிடி, துரு இளக்கும் எண்ணெய், போல்ட்டுகளைப் போட்டுவைக்க ஒரு டப்பா ஆகியவை பெரும்பாலான கார்களுக்குப் போதும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

முதலில் உட்காரும் குஷனைக் கழற்ற வேண்டும். பல கார்களில் அதன் முன் விளிம்பு இரண்டு கிளிப்புகளில் மாட்டப்பட்டிருக்கும். விளிம்புக்கு அடியில் கைவிட்டு, கிளிப் இருக்கும் இடத்தைத் தடவி அறிந்து, அங்கேயே நேராக மேலே தூக்கினால் அது விடுபடும். வேறு சில கார்களில் கிளிப்புக்குப் பதிலாக போல்ட் இருக்கும். குஷனை உடனே வெளியே இழுத்துவிடாதீர்கள். சீட் பெல்ட்டின் பூட்டுப் பகுதிகள் அதன் துளைகள் வழியாக வெளியே வந்திருக்கும் என்பதால், அவற்றை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளி விடுவித்த பிறகே தூக்க வேண்டும். அடியில் ஒயர் தெரிந்தால் அதன் கனெக்டரின் பூட்டை அழுத்திப் பிரிக்கலாம், ஆனால் மஞ்சள் நிற ஒயரோ கனெக்டரோ இருந்தால் அது ஏர்பேக் அமைப்பைச் சேர்ந்ததாக இருக்கும். அதைத் தொடாமல் பணிமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

அடுத்தது சாய்மானம். இரு ஓரங்களிலும், பிரிந்து மடங்கும் சீட் என்றால் நடுவிலும், கீல்களின் போல்ட்டுகள் இருக்கும். இறுகிப்போன போல்ட்டில் எண்ணெய் விட்டுச் சிறிது நேரம் காத்திருங்கள். வலுக்கட்டாயமாகத் திருகினால் தலை மழுங்கிவிடும். சாய்மானம் கனமானது என்பதால் இருவராகப் பிடித்து, கதவின் உள்பக்கம் கீறாதபடி ஒரு போர்வையை விரித்து வெளியே எடுங்கள். கழற்றிய போல்ட்டுகளை அவற்றின் துளைகளிலேயே கையால் திருகி வைத்துவிட்டால் மரையில் மண் சேராது, எந்த போல்ட் எங்கே என்ற குழப்பமும் வராது. சீட் பெல்ட்டைத் தாங்கும் போல்ட்டுகளை மட்டும் கழற்றவே கூடாது.

இனி வருவதுதான் மிக முக்கியமானது. டிக்கியில் உள்ள சுமை ஓட்டுநரின் முதுகில் வந்து மோதாமல் தடுத்துக்கொண்டிருந்ததே அந்தச் சாய்மானம்தான். அது போன பிறகு அந்த வேலையைக் கயிறுதான் செய்ய வேண்டும். ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது சுமை பின்னுக்கும், இறங்கிப் பிரேக் பிடிக்கும்போது முன்னுக்கும், திரும்பும்போதெல்லாம் பக்கவாட்டிலும் நகரும். ஆகவே தரையில் பிளைவுட் பலகை போட்டு, கனமான மூட்டைகளை முன் சீட்டை ஒட்டித் தாழ்வாக அடுக்கி, சாய்மானத்தைப் பூட்டுவதற்காகப் பக்கச் சுவரில் உள்ள இரும்பு வளையங்களில் சுமை கட்டும் பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். மலையடிவாரத்தில் ஒருமுறை நிறுத்தி, தளர்ந்திருந்தால் மீண்டும் இறுக்குவது நல்லது. சீட் இல்லாததால் காரின் சுமை வரம்பு பெரிதாக உயர்ந்துவிடாது. முழுச் சுமைக்கான டயர் காற்றழுத்தத்தை ஓட்டுநர் கதவருகே உள்ள ஸ்டிக்கரில் பார்த்து நிரப்புங்கள்.

வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யில் இருக்கைகளின் எண்ணிக்கை பதிவாகியிருக்கிறது. பதிவு விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52 தடுக்கிறது. எனவே சுமை இறங்கியதும் சீட்டைத் திரும்பப் பொருத்திவிடுங்கள். சீட் இல்லாத பின்பகுதியில் யாரையும், குறிப்பாகக் குழந்தைகளை, உட்கார வைக்காதீர்கள்.

பொருத்தும்போது முதலில் சாய்மானம், பிறகு குஷன். எல்லா போல்ட்டுகளையும் கையால் சில சுற்றுகள் ஏற்றிய பிறகே ராட்செட்டால் இறுக்குங்கள். பெல்ட் பூட்டுகள் குஷனுக்கு மேலே வந்திருக்கின்றனவா என்று பார்த்து, ஒவ்வொரு பெல்ட்டையும் மாட்டிச் சுண்டி இழுத்துச் சோதித்த பிறகே பின்னால் ஆட்களை ஏற்றுங்கள்.