காரையில் ஒரு நாள்: கல்லை எடுக்கும் முன் அடுக்கைப் படிப்பது எப்படி

ஒரு காலத்தில் கடலடியாக இருந்து, இன்று புதைபடிவங்கள் கிடைக்கும் காரைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் குனிந்த தலை நிமிராமல் நடப்பார்கள். சுருண்ட கல் கிடைக்குமா, சுறாப் பல் கிடைக்குமா என்று கண் தரையிலேயே இருக்கும். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஜியாலஜிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். முதலில் ஓடைச் சுவரைப் பாருங்கள் என்றுதான் எல்லாரிடமும் சொல்வேன். எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று தெரியாத புதைபடிவம், அலமாரியில் வைக்க அழகாக இருக்கும். அதை வைத்து வேறு எதுவும் சொல்ல முடியாது.

ஊர் பெரம்பலூர் மாவட்டத்தில், கொளக்காநத்தம் பக்கம் இருக்கிறது. ஜனவரி, பிப்ரவரி நல்ல மாதங்கள். வடகிழக்குப் பருவமழை களிமண்ணைக் கரைத்துப் புதிதாகச் சிலவற்றை வெளியே தள்ளியிருக்கும், தரையும் காய்ந்திருக்கும். ஈரத்தில் போனால் செருப்போடு ஒரு கிலோ மண்ணையும் சேர்த்துத் தூக்கி நடக்க வேண்டும். மே மாதத்தில் நிழல் என்று ஒன்றுமே கிடையாது. தண்ணீர், தொப்பி, நோட்டு, பென்சில், அளவு காட்ட ஒரு ஐந்து ரூபாய் நாணயம் போதும். சுத்தியல் வேண்டாம்.

மழைநீர் அறுத்த ஓடை ஒன்றில் இறங்கி, சுவருக்கு எதிரே கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். சாம்பல், பழுப்பு, செம்மை என்று பட்டை பட்டையாகத் தெரியும். நோட்டில் வரையும்போது பக்கத்தின் அடியிலிருந்து மேலே வரையுங்கள், ஏனென்றால் மண் படிந்த வரிசையே அதுதான். கீழே இருப்பது முந்தியது, மேலே இருப்பது பிந்தியது. 1669-இல் நிக்கோலஸ் ஸ்டெனோ இத்தாலியில் எழுதி வைத்த இந்த விதியை வைத்துத்தான் இன்றும் சுரங்கத்தில் அடுக்குகளைப் பதிவு செய்கிறோம். ஒவ்வொரு பட்டையின் நிறம், கனம், விரலில் தேய்த்தால் நைசா நறநறப்பா என்று பக்கத்தில் குறியுங்கள். நைசான களிமண் என்றால் அலை அடங்கிய, கரையிலிருந்து தள்ளிய கடல். மணல் கூடக் கூடக் கரை நெருங்கி வருகிறது என்று பொருள்.

வெயிலில் கண்ணாடித் துண்டு மாதிரி மின்னுவதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது ஜிப்சம். நகத்தால் கீறினால் கோடு விழும், சுண்ணாம்புக்கல்லின் தாதுவான கால்சைட்டில் விழாது. சுவரில் பார்த்தால் பல இடங்களில் ஜிப்சம் நரம்புகள் அடுக்குகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். வெட்டுகிறது என்றாலே அது பின்னால் வந்தது. களிமண் படிந்து முடிந்த பிறகு, விரிசல்களில் நிலத்தடி நீர் விட்டுச்சென்ற உப்பு அது. கடல் வற்றிப்போனதற்கு அடையாளம் என்று எழுதிவிடாதீர்கள்.

இப்போது தரையைப் பார்க்கலாம். ஓடைத் தரையில் கிடப்பது எல்லாம் மேலிருந்து உருண்டு வந்தது. ஒன்றைக் கண்டால் அங்கிருந்து சரிவில் மெல்ல ஏறுங்கள். துண்டுகள் வந்துகொண்டே இருக்கும், ஒரு மட்டத்துக்கு மேல் சட்டென நின்றுவிடும். அவற்றின் சொந்த அடுக்கு அநேகமாக அந்த மட்டம்தான். அதை நோட்டில் அம்புக்குறி போட்டுக் குறித்து, நாணயம் வைத்துப் படம் எடுத்து, இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

காரையில் எளிதாகக் கண்ணில் படுவது பெலம்னைட். கணவாயின் தூரத்து உறவு. துப்பாக்கித் தோட்டா வடிவில், தேன் நிறத்தில், சுண்டுவிரல் கனம் இருக்கும். உடைந்த முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்: நடுவிலிருந்து ஊசி ஊசியாகக் கதிர்கள் விரியும், குறுக்கே மெல்லிய வளையங்கள் ஓடும். உயிரோடு இருந்தபோதே அதன் உடலுக்குள் இருந்த பாகம் இது. கால்சைட்டால் ஆனது என்பதால் சுமார் 10 கோடி ஆண்டுகள் ஆகியும் பெரிதாக மாறவில்லை.

அந்தச் சுருண்ட கல், அதாவது அம்மோனைட்டின் கதை வேறு. அதன் ஓடு அரகோனைட் என்ற தாது, எளிதில் கரைந்துவிடும். செத்த உயிர் சேற்றில் இறங்கி, மேலே சேறு விழுந்து சீக்கிரம் மூடிக்கொள்கிறது. அறைகளுக்குள்ளும் சேறு புகுந்து இறுகுகிறது. அப்புறம் ஓடு கரைந்து போகிறது. உங்கள் கையில் இருப்பது பல சமயம் ஓடே இல்லை, ஓட்டுக்குள் இறுகிய மண்ணச்சு. அதன் மேல் செடி கொடி வரைந்த மாதிரி நெளிநெளியாகக் கோடுகள் தெரிந்தால், அவை அறைச்சுவர்கள் ஓட்டைத் தொட்ட தடங்கள். பூஜை அறையில் இருக்கும் சாளக்கிராமத்திலும் இதே அம்மோனைட்தான், ஆனால் அது நேபாளத்தின் கண்டகி ஆற்றிலிருந்து வருவது, காரையைவிடப் பழையது.

உருண்டைக் கல்லைக் கண்டதும் டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப்பில் போட வேண்டாம். 2020-இல் குன்னம் பக்கம் இப்படித்தான் பெரிய பரபரப்பு. கடைசியில் அவை அம்மோனைட் போன்ற ஏதோ ஒன்றைச் சுற்றித் தாது சேர்ந்து இறுகிய உருண்டைகள் என்று வல்லுநர்கள் சொன்னார்கள்.

ஓடையை முடித்த பிறகு பைக்கை எடுங்கள். இந்தப் பகுதியின் அடுக்குகள் கிழக்கு நோக்கி மெல்லச் சாய்ந்திருக்கின்றன, அதனால் மேற்கிலிருந்து கிழக்கே போகப் போகக் காலத்தில் முன்னேறிக்கொண்டே போகலாம். மேற்கே, திருச்சி–சென்னை நெடுஞ்சாலைப் பக்கம் பழைய கருங்கல். அதன் ஓரமாகத் தெரணியில் வெள்ளைக் களிமண், அதில் இலைத் தடங்கள். கடல் வருவதற்கு முன் இங்கே நிலம் இருந்தது. இந்தியாவின் கிழக்குக் கரை அண்டார்டிகாவிலிருந்து பிரிந்தபோது உண்டான பள்ளத்தில் கடல் ஏறியது. காரைக் களிமண் அந்தக் கடலின் அடித்தரை. கருடமங்கலத்தில் சிப்பிகள் நெருக்கமாகக் கெட்டிப்பட்ட கல் கிடைக்கும், மெருகேற்றி 'திருச்சிராப்பள்ளி மார்பிள்' என்று விற்றார்கள். வழியில் சாத்தனூர் கல்மரத்தை விட்டுவிடாதீர்கள். சுமார் 18 மீட்டர் நீளம், 1940-இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தது. கடல் அடுக்கில் மரம் எப்படி? வெள்ளத்தில் கடலுக்கு அடித்து வரப்பட்டு, மூழ்கி, புதைந்து, மண்ணில் ஊறிய நீரின் சிலிக்கா மரத்தின் நுண்ணறைகளில் சேர்ந்து கல்லானது.

அரியலூர் நெருங்கினால் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல், சுமார் 7 கோடி ஆண்டு. கனத்த சிப்பி ஓடுகள் குவியல் குவியலாக. உங்கள் வீட்டுச் சிமெண்டில் அவையும் இருக்கலாம். சுரங்கத்துக்குள் அனுமதியில்லாமல் இறங்காதீர்கள். விளிம்பு சரியும், வெடி வைப்பார்கள். இன்னும் கிழக்கே கல்லமேட்டில் கடல் பின்வாங்கி ஆற்று மணல் வந்துவிடுகிறது. டைனோசர் எலும்பு கிடைத்தது இங்கேதான். ஆய்வாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் 1987-இல் புருஹத்காயோசரஸ் என்று பெயரிட்ட அந்த எலும்புகள் பின்னாளில் பொடிந்து போய்விட்டன. எழுதிய விவரமும் படங்களும் எந்த அடுக்கு என்ற குறிப்பும் மிஞ்சியதால்தான் இன்றும் அதன் அளவைப் பற்றி வாதாட முடிகிறது.

வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தைக் கடைசியில் வையுங்கள். காலையிலேயே போனால் கண்ணாடிப் பெட்டிகளைப் பார்த்துவிட்டு அதே மாதிரியைத் தேட ஆரம்பித்துவிடுவீர்கள். மாலையில் நோட்டோடு போய், உங்கள் படங்களைப் பெட்டிகளில் இருப்பவற்றோடு ஒப்பிட்டு, தெரிந்த பெயர்களை அம்புக்குறிகளுக்குப் பக்கத்தில் பென்சிலாலேயே எழுதிக்கொள்ளுங்கள்.